நமுனுகுலைக் கம்பிக்கு ஒரு கார்க்

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை என்பது முகம் தெரியாத குரல்களோடு குடித்தனம் நடத்துவது. எழுபதுகளில் பதுளைத் தபால் கந்தோர் பெஞ்சில் உட்கார்ந்து, "கோல் கிடைச்சுதா மிஸ்?" என்று கேட்டுக் கேட்டு நொந்துபோன மகராசர்களே, மகராசிகளே, நீங்கள் பெஞ்சில் பட்ட பாட்டைத்தான் நான் ஸ்விட்ச்போர்டுப் பலகைக்கு முன்னால் பட்டேன். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கேட்பாரில்லாமல் என் மேசையில் உட்காரும். காதுக்குள் கம்பி ம்ம்ம் என்று முனகும். விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே சில நேரம் தெரியாது.

ராமாயி வந்ததும் அப்படி ஒரு பனியில்தான். ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது. கப்பலுக்குப் போக ரயில் ஏற வந்தவள், ஏறுவதற்கு முன்னால் நமுனுகுலையில் இருந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நின்றாள். அவளுக்கு நான் ஏன் உடனே லைன் கொடுக்கவில்லை என்பது புரிய, முதலில் என் கார்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நமுனுகுலையில் இன்னொருத்தி

நமுனுகுலைக் கம்பி என் பலகையில்தான் வந்து முடியும். மழை பிடித்தால் முதலில் சாவதும் அதுதான். அப்படிச் செத்த ஒரு நாள், பஸாரில் புடவைக்கடை வைத்திருந்த காசிம் நானா நமுனுகுலைக்கு ஒரு கோல் கேட்டார். சுற்று வழி ஏதும் உண்டா என்று பசறை எக்ஸ்சேஞ்சில் பியதாசவைக் கேட்டேன். அவர் பண்டாரவளை ஹமீதாவைக் கேட்டார். "ஓ, இருக்கே, அனுப்புங்க" என்றாள் அவள். எதை வைத்துச் சொன்னாள் என்கிறீர்கள்? "நமுனுகுல நல்லா இருக்கு" என்று காலையில் நான் அவளிடம் சொன்னதை வைத்து! அவள் சொன்ன வழியே நான்தான். அந்த வழி செத்துப்போனது அவளுக்கு இன்னும் தெரியாது.

நானாவை டெலிபோன் பேசும் கண்ணாடிப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டுப் பசறைக்குக் கொடுத்தேன். பசறை பண்டாரவளைக்குக் கொடுத்தது. ஒரு ஊர் கூப்பிட்டால் பலகையில் அதன் ஓட்டைக்கு மேலே உள்ள குட்டித் தகரக் கதவு விழும்; கொஞ்ச நேரத்தில் என் பலகையிலேயே பண்டாரவளைக் கதவு டக்கென்று விழுந்தது. "பதுளையா? நமுனுகுல ஒண்ணு கொடுங்க" என்றாள் ஹமீதா. அரைத் தூக்கத்தில், "நமுனுகுல லைன் இல்லம்மா" என்றேன். என் குரல் மூன்று ஊரையும் சுற்றி, நாலு அடி தள்ளிப் பெட்டிக்குள் நின்ற நானாவின் காதில் போய் விழுந்திருக்கிறது. கதவைத் திறந்து தலையை நீட்டினார். "புள்ள, நமுனுகுலையிலயும் உன்னய மாதிரியே ஒருத்தி இருக்கா, அவளும் லைன் இல்லங்கிறா!"

ஒரு தேத்தண்ணி நேரம்

அன்றைக்கு மூன்று பேரும் வெட்கப்பட்டுப்போய் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். கம்பி செத்தால் உடனே மற்ற இருவருக்கும் சொல்லிவிட வேண்டும். பலகையில் அந்த ஊருக்கு ப்ளக் குத்தும் ஓட்டையில் மருந்துப் போத்தல் கார்க் ஒன்றைச் செருகிவிட வேண்டும். பிறகு ஒரு தேத்தண்ணி ஊற்றி, ஆற்றி, குடித்து முடியும் வரைக்கும், "வழி இருக்கு" என்று எந்த ஊர் சொன்னாலும் நம்பக் கூடாது. அதற்குள் கெட்ட சேதி எல்லார் காதுக்கும் போய்விடும், சுற்றிக்கொண்டிருக்கும் பழைய நல்ல சேதி தானாக ஓய்ந்துவிடும். ஒரே ஒரு விலக்குத்தான். நமுனுகுலையே தன் கம்பியில் நேரே வந்து கூப்பிட்டால், கார்க்கை அந்த நிமிஷமே பிடுங்கிவிடலாம்.

பிற்பாடு கொழும்பில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன என் மகனிடம் இதைச் சொன்னேன். கம்ப்யூட்டர்களுக்கு நடுவே சேதியை வழிபார்த்து அனுப்ப ரவுட்டர் என்று பெட்டிகள் இருக்கின்றனவாம், அவையும் பக்கத்துப் பெட்டி சொல்வதைக் கேட்டுத்தான் வழி பிடிக்குமாம், எங்களைப் போலவே வட்டம் சுற்றி அசடு வழியுமாம், அதனால் ஒரு வழி செத்தால் கொஞ்ச நேரம் யார் சொன்னாலும் நம்பாமல் காத்திருக்குமாம். விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, ஒங்க கார்க்குக்கு அங்க ஹோல்ட்டவுன் டைமர்னு பேரு, தேத்தண்ணி மட்டுந்தான் கெடையாது!"

உயிரோடு இருக்கையில் கருமாதி

கார்க்கால் ஏச்சும் வாங்கியிருக்கிறேன். நமுனுகுலைக்குக் கார்க் செருகியிருந்த ஒரு நாள், கோல் கேட்டு வந்த ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கவுண்டரில் நின்று, லைன்மேன் வேலையை முடித்துக் கம்பத்தை விட்டு இறங்கியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அதுவும் கேள்விப்பட்ட சேதிதானே என்று நான் கோப்பையை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்துக் கார்க்கைப் பிடுங்கினால், ஐயோ, மணி கணீரென்று போகிறது! மனிதர் முகம் சிவந்துவிட்டது. "லைனு எழும்பி உக்காந்திருக்கு, நீங்க அதுக்குக் கருமாதி பண்ணிக்கிட்டு இருக்கீங்களேம்மா!"

ராமாயியின் ரயில்

ராமாயி பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் வாக்கப்பட்டவள். வழியனுப்ப வருவதாக இருந்த அண்ணன், மண்சரிந்து ரோட்டு அடைபட்டதில் வர முடியவில்லை. பஸ் ஓடாவிட்டால் தபால் கந்தோருக்குப் போ, நான் தோட்டத்து ஆபீசில் நிற்கிறேன் என்று முன்னமே சொல்லியனுப்பியிருந்தார். பாவி மழை கம்பியையும் அறுத்துப் போட்டிருந்தது. நான் அப்போதுதான் கார்க்கைச் செருகித் தேத்தண்ணி ஊற்றியிருந்தேன். புருஷனும் பிள்ளைகளும் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனில் நின்றார்கள்.

பண்டாரவளைக் கதவு விழுந்தது. "நமுனுகுலைக்கு வழி இருக்காம், பசறை சொல்லுது" என்றாள் ஹமீதா. "பசறை சொல்லுதா, வழி இருக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டதில் ராமாயிக்கும் அது விளங்கிவிட்டது. கவுண்டர் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு, "கொடுங்க மிஸ், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுதாள். கொடுத்துவிடலாம்தான். வட்டம் சுற்றி வந்தால், அவள் பெட்டிக்குள் என் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க, ரயில் போய்விடும். "பொறு தாயி" என்றேன். தேத்தண்ணியை அவசர அவசரமாக ஊதி ஊதிக் குடித்தேன். ஸ்டேஷன் பக்கம் எஞ்சின் கூவியது. பனிக்குள் அது வேறு ஏதோ உலகத்திலிருந்து கூப்பிடுவது போலக் கேட்டது.

கோப்பை பாதிதான் ஆகியிருந்தது. கார்க்குக்கு மேலே இருந்த கதவு டக்கென்று விழுந்தது. நமுனுகுல! நேரே அதே கம்பியில், ஆபீஸ் கிளாக்கர் பேசினார். "அந்தப் புள்ள அங்க நிக்குதாங்க?" கார்க்கைப் பிடுங்கி எறிந்தேன், எங்கே போய் விழுந்ததோ தெரியாது. ராமாயியைப் பெட்டிக்குள் தள்ளினேன்.

இரண்டு பக்கத்து மழையும் ஒரே கம்பியில் பெய்வதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாதுதான், ஆனாலும் ஹெட்போனைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. "அண்ணே" என்றாள் ராமாயி, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அக்கரைக்குப் போனவங்களப் பத்தி இங்க ஆளுக்கொரு கத சொல்லுவாங்க தங்கச்சி, நல்லா இருக்காங்கம்பாங்க, செத்துட்டாங்கம்பாங்க, நீயா ஒரு வார்த்த எழுதுற வரைக்கும் நான் எதையும் நம்ப மாட்டேன்."

மொத்தத்தில், நல்ல சேதியை வந்தவுடன் நம்பாமல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது, அந்த ஒரு கோப்பையை மட்டும் நான் குடித்து முடிக்கவில்லை.