ரெஸ்ட் வராத ஆட்டம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். கள்ளக்குறிச்சியில் டிராக்டர், லாரிகளுக்கு பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். ப்ளஸ்ஸும் மைனஸும் சரியாக இருந்தால் வண்டி கிளம்பும், இல்லாவிட்டால் கிளம்பாது, நடுவில் வேறெதுவும் கிடையாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. என் சகலையே சிரித்தான். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "சரி, அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் நான் டான்ஸ் ஆடப் போன கதையைச் சொல்ல வேண்டும், அதற்கே பாதிப் பேர் நம்புவதில்லை. எங்களுக்கு ஒரே பெண். கல்யாணம் ஆகி ஓசூருக்குப் போனாள். அவள் போனதும் என் மனைவி மல்லிகா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கோபம் இல்லை, நோய் இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள், டிவியைப் போடமாட்டாள், நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால்கூடத் திட்டமாட்டாள். இருபத்தைந்து வருஷம் திட்டு வாங்கியவனுக்கு அது எவ்வளவு பயமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் தெருவுக்கு எஸ்தர் அக்கா வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் நர்ஸாக இருந்து ரிட்டையராகித் திரும்பியவர். அங்கே அவர் இருந்த ஊரில் வாரம் ஒரு நாள் ஊர்க்காரர்கள் ஒரு ஹாலில் கூடி, பழைய கால இங்கிலீஷ் கிராமத்து ஆட்டம் ஆடுவார்களாம், கன்ட்ரி டான்ஸ். அதைக் கள்ளக்குறிச்சியில் ஆரம்பிக்கப் போகிறேன் என்று வீடு வீடாக வந்தார். "குதிக்கத் தேவையில்ல, குலுக்கத் தேவையில்ல, நடக்கத் தெரிஞ்சா போதும். சுகருக்கு வாக்கிங் போறீங்க இல்ல, அதப் பாட்டோட போங்க" என்றார். மல்லிகா அன்றைக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னிடம் தானாக ஒரு வார்த்தை பேசினாள். "போலாமாங்க?" என்றாள். எப்படி மாட்டேன் என்பது?

வியாழக்கிழமை சாயங்காலம், முகூர்த்தம் இல்லாத நாட்களில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆடுவோம். மொத்தம் ஏழு ஜோடி. ஆம்பளைகள் ஒரு வரிசை, எதிரே பொம்பளைகள் ஒரு வரிசை. இரண்டு இரண்டு ஜோடியாகச் சேர்ந்து, நான்கு பேரும் கை கோத்து ஒரு முழு வட்டம் சுற்றி, இடம் மாறி, அடுத்த ஜோடியோடு அதையே ஆட வேண்டும். இப்படியே வரிசையில் மேலிருந்து கீழே வருவோம், கீழிருந்து மேலே போவோம். பாட்டு வைத்திருக்கிற பக்கம்தான் மேல், எதிர்க் கோடி கீழ். இதில் கை கோப்பதுதான் பெரிய தகராறு. ஊரில் அடுத்தவர் பெண்டாட்டி கையைப் பிடித்துவிட்டு அப்புறம் கடையைத் திறக்க முடியுமா? எஸ்தர் அக்காவே வழி சொன்னார், ஆளுக்கொரு கைக்குட்டை. சொந்தப் பெண்டாட்டி கை மட்டும் வெறும் கை, மற்றவர்களுக்குக் கைக்குட்டையின் முனை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மல்லிகா கையை நான் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஏழு ஜோடி என்பதால் ஒரு விசேஷம் உண்டு. இரண்டு இரண்டு ஜோடியாகச் சேர்ந்தால் ஒரு ஜோடி மிச்சம் வரும் இல்லையா, அது வரிசையின் கோடியில் ஒரு முறை சும்மா நிற்க வேண்டும். எஸ்தர் அக்கா அதற்கு ஏதோ பெயர் சொன்னார், நாங்கள் அதை ரெஸ்ட் என்றுதான் சொல்வோம். என் உடம்புக்கும் முட்டிக்கும் அந்த ரெஸ்ட்தான் சாமி. இன்னொன்று, ஆட ஆட மொத்த வரிசையும் தெரியாமலே கீழ்ப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். எல்லா ஊரிலும் அப்படித்தானாம். "மேல ஏறுங்க, மேல ஏறுங்க!" என்று எஸ்தர் அக்கா கத்திக்கொண்டே இருப்பார், நாங்கள் கை கழுவும் தொட்டிப் பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்போம். எனக்கு அது வசதி. ரெஸ்ட் வந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டடி பின்னால் போய்த் தொட்டியில் சாய்ந்துகொள்வேன். பழக்கமாகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா மாறிவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது அந்த இங்கிலீஷ் மெட்டை முனகினாள், ஈரத் துண்டுக்குத் திட்டினாள். ஆனால் என்னால் முடியவில்லை. முட்டி வலி ஒரு பக்கம், பஜாரில் கேலி ஒரு பக்கம். "இன்னா பேட்டரிக்காரரே, இன்னிக்கு சார்ஜ் ஏத்திக்கினீங்களா?" என்று டீக்கடையில் ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். கடைசியில், எல்லோரும் சேர்ந்து கல்வராயன் மலைக்கு வேனில் டூர் போன அன்று, கச்சிராயபாளையம் தாண்டும்போது அவளிடம் சொல்லிவிட்டேன்.

"மல்லிகா, இந்த டூரோட சரி. இனிமே என்னால ஆவாது."

"நீங்க வர்லன்னா எனக்கு ஜோடி ஏதுங்க?"

"நீ சும்மா போய்ப் பாத்துக்கினு வாயேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பழைய மௌனம் அப்படியே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அருவி பார்த்தோம், கட்டிக்கொண்டு போன புளிசாதம் சாப்பிட்டோம். திரும்பும்போது நாலு மணி இருக்கும், மலை இறங்குவதற்கு முன்னால் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. டிரைவர் வேனை ஓரம் கட்டி, "அரை மணி போவட்டுங்க, ரோடு தெரியல" என்றார். எதிரே தார்ப்பாய் இறக்கிய ஒரு டீக்கடை, ஆள் இல்லை. இந்தப் பக்கம் புல் மேடு, கொஞ்ச தூரம் போய் வெள்ளையில் மறைந்துவிட்டது. புல்தான் தொடர்ந்து போகிறது என்று எல்லோரும் நினைத்தோம். குளிரில் பல் கிட்டியது. எஸ்தர் அக்காவால் சும்மா இருக்க முடியுமா? ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து வேன் படியில் வைத்தார். "சும்மா நடுங்கிக்கினு நிக்கறதுக்கு ஆடுங்களேன்! செருப்பக் கழட்டுங்க, புல்லு வழுக்கும்."

ஆடினோம். கடைசித் தடவை என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டே ஆடினேன். செருப்பில்லாத காலில் புல்லுக்கு நடுவே கல் குத்தியது, ஒவ்வொரு அடிக்கும் நான் ஐயோ அப்பா என்றேன், எதிரே ரிட்டையர்டு கண்டக்டர் முனுசாமி சிரித்தார். கை நீட்டும் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அடுத்த ஜோடி பனிக்குள்ளிருந்து வரும், சுற்றும், பனிக்குள் போகும். எஸ்தர் அக்கா எங்கேயோ இருந்து "மேல ஏறுங்க" என்றார், யார் ஏறினார்கள்?

மூச்சு வாங்கக் கோடிக்கு வந்துவிட்டோம். ரெஸ்ட் என்று நான் மல்லிகா கையை விடப் போனேன், எதிரே ஒரு ஜோடி நிற்கிறது! கைக்குட்டைக்குக் கை நீட்டிக்கொண்டு தயாராக நிற்கிறது. கம்பளி போர்த்திய ஓர் ஆள், பக்கத்தில் கருப்பாகவோ நீலமாகவோ புடவை கட்டிய ஓர் அம்மா. முகம் தெரியவில்லை. முனுசாமியும் கம்பளி போர்த்தியிருந்தார், அதனால் எப்படியோ சுற்றி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு கைக்குட்டையை நீட்டினேன். அந்தப் பக்கம் நல்ல அழுத்தமாகப் பிடித்தார்கள். நான்கு பேரும் ஒரு முழு வட்டம் சுற்றினோம். அந்த அம்மா சிரித்தது கேட்டது, மனசு நிறைந்த சிரிப்பு, மல்லிகாவும் கூடவே சிரித்தாள். வேனில் ஏற்றிய மௌனம் அங்கே உடைந்தது.

சுற்றி முடித்தால் இடம் மாற வேண்டும், நாங்கள் அவர்களைத் தாண்டிக் கீழே போக வேண்டும். அவர்கள் வழி விடவே இல்லை. அந்த ஆள் கைக்குட்டையை விட்டுவிட்டு, மேலே போ என்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினார். என்னடா இது, ரெஸ்டும் இல்லை, இடமும் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஆட்டம் நீண்டுகொண்டே போனது. மறுபடி கோடிக்கு வந்தோம், மறுபடி அதே ஜோடி, மறுபடி முழு வட்டம், மறுபடி மேலே போ. அங்கே தரை மட்டும் சுகமாக இருந்தது, கல் குத்தவில்லை. ரெஸ்ட் கிடைத்திருந்தால் இங்கேயே பின்னால் தள்ளிப் போய் உட்கார்ந்துவிடலாமே என்று எனக்கு ஆசையாக இருந்தது.

நாங்கள் மேலே ஏறுவதற்குள் பாட்டு நின்றது. இந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினால் அந்த இடத்தில் ஆள் இல்லை. சரி, வேனுக்குப் போயிருப்பார்கள். முட்டி கெஞ்சியது. பழக்க தோஷத்தில் பின்னால் காலை எடுத்து வைக்கப் போனேன். மல்லிகா என் கையை விடவில்லை. இழுத்தாள்.

"வாங்க, எதுர்ல டீக்கடை தொறந்துட்டாங்க. டீ குடிக்கலாம்."

டீ குடிக்கும்போதுதான் கலாட்டா ஆரம்பித்தது. நான் முனுசாமியைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ் கண்டக்டரே, எனுக்கு ரெஸ்ட் குடுக்காம கோடியிலயே நின்னுக்கினு இருந்தியே, இன்னா நெனப்பு?"

"நானா? எனுக்கே ரெஸ்ட் வர்லியேன்னு நான் பொலம்பிக்கினு கீறேன். நீதான் அங்க நின்னுக்கினு இருந்த!"

கோடிக்கு வந்த எல்லோருக்கும் அதே கதைதான். ஒவ்வொருவரும் இன்னொரு ஜோடியைக் கை காட்டினார்கள், காட்டப்பட்டவர்கள் இல்லவே இல்லை என்றார்கள். எஸ்தர் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏழு ஜோடிக்கு ரெஸ்ட் வராம இருக்காதுப்பா" என்றார்.

டீக்கடைக்காரர், மலைக்காரர்தான், பால் வாங்கப் போயிருந்தவர், எங்களைப் பார்த்து, "எங்கங்க ஆடுனீங்க?" என்று கேட்டார். காட்டினோம். அவர் முகம் மாறியது. அதற்குள் பனி விலக ஆரம்பித்திருந்தது, எல்லோரும் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தோம். புல் மேடு கொஞ்ச தூரம் போய் அப்படியே கத்தரித்த மாதிரி முடிந்திருந்தது. கீழே, ரொம்பக் கீழே, மரங்களின் தலைதான் தெரிந்தது. ஈர மண்ணில் எங்கள் கால் தடங்கள், விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி, வரிசையாக. அதற்கு அப்புறம் எதுவும் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரெஸ்ட் வந்திருந்தால் நான் இரண்டடி பின்னால் போயிருப்பேன். திரும்பிப் பார்க்காமல்.

"அங்க களம் இருந்துதுங்க" என்றார் டீக்கடைக்காரர், விளிம்புக்கு அப்பால் கை காட்டி. "சாமை அடிக்கிற களம். சாணி மொழுகி வழவழன்னு வெச்சிருப்போம். போன மழையில அப்டியே சரிஞ்சி போச்சு."

"யாருனா... செத்தாங்களா?" என்று கேட்டேன். என் வாயால் நான் அப்படிக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை.

"இல்லீங்களே. அப்போ அங்க யாரும் இல்ல. களம் மட்டுந்தான் போச்சு."

வேனில் பாதி மலை இறங்கியதும் யாரோ, "இன்னா இருந்தாலும் அந்த அம்மா நல்லா ஆடுனாங்க" என்றார்கள், எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பயத்தில் வருகிற சிரிப்பு இல்லை, சத்தியமாக நல்ல சிரிப்பு. மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "அடுத்த வியாழக்கிழம?" என்று மட்டும் கேட்டாள். "ஆறு மணிக்கே போய்டலாம்" என்றேன். இன்று வரை ஒரு வாரம் விடவில்லை. பஜாரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டீர்களா என்று இப்போதும் கேட்கிறார்கள், ஃபுல் சார்ஜ் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

பனியில் யாரோ வழிப்போக்கர்கள் வந்து சேர்ந்து ஆடியிருப்பார்கள் என்று சகலை சொன்னான். இருக்கலாம், நானும் அப்படி நினைத்துத்தான் இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் கடையில் ஒரு பேட்டரிக்கு டெர்மினல் முடுக்கிக்கொண்டிருக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் சுற்றியது முழு வட்டம். அவர்கள் விளிம்புப் பக்கம் நின்றார்கள், சரி. பாதி சுற்றியதும் அவர்கள் இந்தப் பக்கம் வந்திருப்பார்கள். நாங்கள்?

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மல்லிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மல்லிகா, அங்க கோடியில சுத்தும்போது, உன் காலுக்குக் கீழ தரை எப்டி இருந்துது?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வழவழன்னு இருந்துதுங்க" என்றாள். "இப்பதான் சாணி மொழுகுன மாதிரி."