குரங்கு தூங்குகிறது, சார்

வெளிநாட்டார் வீட்டில் சமையல் வேலை பார்க்கும் என் அன்புச் சகோதரிகளே, நம் கையைச் சுடுவது அடுப்பு, மானத்தைச் சுடுவது பாஷை. துபாயில் நான் வேலை பார்த்தது ஒரு ஸ்பெயின் தம்பதி வீட்டில்; அவர்கள் பாஷை எனக்கு அரைகுறைதான்.

மீன் எங்கே?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேடம் போனில் யாரிடமோ சலித்துக்கொண்டார்கள்: "இவர் இன்னிக்கும் ஒரு மெர்லூசா பிடிச்சிட்டார்." மெர்லூசா என்றால் நான் அந்த வீட்டில் வாராவாரம் பொரிக்கிற மீன். தூத்துக்குடிக்காரிக்குச் சொல்லவா வேண்டும்? கத்தியைத் தீட்டி, புளி கரைத்து, மசாலாவும் அரைத்துவிட்டேன். சார் வெறுங்கையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். "மீன் எங்கே சார்?" என்றேன். மேடம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்க ஊர்ல குடிச்சா மீன் பிடிச்சான்னு சொல்லுவோம் ரோசா. இதோ ஆடிக்கிட்டு நிக்குதே, அதுதான் உன் மீன்!"

பிளாஸ்டர்

பக்கத்து வில்லா இங்கிலீஷ்காரர் இன்னொரு நாள் சாரைத் தாங்கிக்கொண்டு வந்து, "உங்க சார் பிளாஸ்டர்டு" என்றார். பிளாஸ்டர் என்றால் காயத்துக்கு ஒட்டுவதுதானே, ஐயோ, அடிபட்டுவிட்டதே என்று டெட்டாலும் பஞ்சுமாக ஓடி, தலை முதல் கால் வரை காயம் தேடினேன். சார் கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்தார். ஷார்ஜாவில் கட்டட வேலை செய்யும் என் மகனிடம் போனில் சொன்னேன்.

"எம்மா, மூக்குமுட்டக் குடிச்சவனைத்தான் அப்படிச் சொல்வாங்க. நாங்க சுவத்துல பூசுறதும் பிளாஸ்டர்தான், அவங்க வயித்துல ஊத்துறதும் பிளாஸ்டர்தான்!"

குரங்கு

ஊரில் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. லீவு கேட்டேன். அந்த நேரம் பார்த்து சாரின் அம்மா ஸ்பெயினிலிருந்து வந்தார்கள்; எனக்கு அவர்கள் பெரியம்மா. குடியை விட்டுவிட்டதாக அவர்களிடம் சத்தியம் செய்திருக்கிறார் சார். "அம்மா கேட்டா நான் குடிக்கிறதில்லைன்னு சொல்லு, டிக்கெட் போட்டுடறேன்" என்றார். என்னுடையது செபமாலை பிடிக்கிற கை. "பொய் சொல்ல மாட்டேன், வாயும் திறக்க மாட்டேன் சார்" என்றேன்.

மறுநாள் காலை பெரியம்மா அடுக்களைக்கே வந்து, "மகன் எங்கே?" என்றார்கள். சார் ராத்திரி குடித்துவிட்டு எழுந்திருக்காத இந்த மாதிரிக் காலைகளில் மேடம் சொல்லும் ஸ்பானிஷ் வார்த்தை ஒன்று உண்டு. நன்றாகத் தூங்குகிறார் என்று அர்த்தமாக்கும் என நினைத்திருந்தேன். அதையே மரியாதையாகச் சொன்னேன்: "துவெர்மே லா மோனா."

காப்பிக் கோப்பை டக்கென்று மேசையில் இறங்கியது. கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஓடிவந்த மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மோனா என்றால் குரங்காம். குரங்கைத் தூங்கவைக்கிறார் என்றால், குடித்த போதை தெளியத் தூங்குகிறாராம்! வாசலில் வந்து நின்ற சாரின் முகத்தைப் பார்த்தேன். என் டிக்கெட் கிழிந்தது போலத்தான் இருந்தது. பெரியம்மா அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"இவன் அப்பாவும் வளர்த்த குரங்குதான் ரோசா. நீ போய் மகளைப் பாரு, குரங்கை நான் பாத்துக்கிறேன்!"

பேத்தியை மடியில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்: ஆண்டவரே, நான் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை, ஸ்பானிஷ்தான் சொன்னேன்.