பானுப்ரியா கண்டெடுத்த இருபத்தாறு சொற்கள்

கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது மாதம் பானுப்ரியாவை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். விஷயம் வானத்தின் நிறம்.

காத்தமுத்து சார் விடைத்தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “வானம் ஏன் நீலமா இருக்குன்னு கேட்டிருக்கேன். நீ என்னம்மா, பக்கம் முழுக்கக் கணக்கு போட்டு வச்சிருக்க?”

“நீங்கதான் சார் அக்கவுண்ட் கேட்டிருந்தீங்க.”

“அக்கவுண்ட்டா?”

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். ‘அக்கவுண்ட் ஃபார் தி புளூ கலர் ஆஃப் தி ஸ்கை’ என்று இருந்தது. வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் சொல் என்பது அதன் பொருள். பானுப்ரியாவுக்குத் தெரிந்த அக்கவுண்ட் பாங்கில் இருப்பது ஒன்றுதான். அக்கவுண்ட் என்றால் கணக்கு. ஆகவே நீல ஒளியின் அலைநீளத்தை வைத்து அதன் அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, விடைக்கு அடியில் அழுத்தி இரண்டு கோடும் போட்டிருந்தாள். கணக்கு என்னவோ சரியான கணக்குதான்.

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. மண்ணச்சநல்லூர்ப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூ இயற்பியலில் தொண்ணூற்றாறு வாங்கிய பெண் அவள். திருச்சிக் கல்லூரியில் அதே இயற்பியலை எடுத்துச் சேர்ந்து, முதல் உள்தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது.

“சரி, தமிழ்லயே சொல்லு. வானம் ஏன் நீலமா இருக்கு?” என்றார் சார்.

சொன்னாள். முதலில் தயங்கி, பிறகு கையை ஆட்டி ஆட்டி. “எங்கப்பா ரைஸ் மில்லுல பாய்லர் பாக்குறாரு சார். நெல்லு அவிக்கும்போது வர்ற ஆவி வெள்ளையா இருக்கும். ஆனா உமி எரியும்போது மெல்லிசா ஒரு புகை வரும் பாருங்க, கறுப்புச் சுவரு பின்னாடி இருந்தா அது நீலமாத் தெரியும். ஆவியோட துளி பெருசு, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிச்சிடும். புகையோட துகள் ரொம்பச் சின்னது, அது அலைநீளம் கம்மியான நீலத்தைத்தான் அதிகமாச் சிதறடிக்கும். காத்துல இருக்குற மூலக்கூறு அதைவிடச் சின்னது சார். அதான் வானம் முழுக்க நீலம் சிதறிக் கிடக்கு.”

காத்தமுத்து சார் பேனாவைக் கீழே வைத்தார். “பாய்லர் புகையை நான் இருபது வருஷத்துல ஒரு தடவைகூட கிளாஸ்ல சொன்னதில்லம்மா,” என்றார். பிறகு, “இதுக்குப் பத்துக்கு ஒம்பது போடலாம். ஆனா பேப்பர்ல இல்லையே, எதைப் பாத்துப் போடுவேன்?” என்று விடைத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

மார்க் கூடவில்லை. ஆனால் பானுப்ரியா விடைத்தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு மாதமாக அவள் தனக்கு இயற்பியலே மறந்துபோய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். மறக்கவில்லை! எல்லாம் உள்ளேயே இருக்கிறது. கேள்விதான் புரியவில்லை.

வராந்தாவில் அஃபீஃபா காத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள். பாலக்கரைக்காரி. வீட்டில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழ். “இங்கிலீஷ் எனக்கு மூணாவது வீடு, அதுல சாவி எங்க இருக்குன்னே தெரியல,” என்பாள். அவளுக்கு ஐம்பதுக்குப் பதினொன்று.

“நீ எதுல விட்ட?” என்று கேட்டாள் பானுப்ரியா.

“மின்கடத்திக்கும் காப்பானுக்கும் டிஸ்டிங்குவிஷ் பண்ணச் சொல்லியிருந்துச்சு, வித்தியாசம் எழுதணுமாம். நான் எக்ஸ்டிங்குவிஷ்னு நெனச்சு, கரண்ட் தீயை எப்படி அணைக்கிறதுன்னு ஒண்ணரைப் பக்கம் எழுதிட்டேன். மணல் வாளி படம்கூட போட்டேன்.”

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்து அஃபீஃபாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

“தமிழ்லயே எழுதிடலாமா? எழுதலாமாம், பர்மிஷன் உண்டாம்,” என்றாள் விக்கலுக்கு நடுவே.

“எழுதலாம்டி. கேள்வி எதுல வரும்?”

அடுத்த நாள் மதியம் இருவரும் நூலகத்தில் ஐந்து வருடத்துப் பழைய கேள்வித்தாள்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பானுப்ரியா ஒவ்வொரு கேள்வியிலும் புரியாத சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனாள். அரை மணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது. பாடத்தின் சொற்கள் எல்லாம் தெரிந்தவைதான். வேவ்லெங்த் என்றால் அலைநீளம். மொமென்டம் என்றால் உந்தம். ஆக்ஸிலரேஷன் என்றால் முடுக்கம். “எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கடி. சட்டையை மாத்திப் போட்டுட்டு வந்திருக்காங்க,” என்றாள். இருவரையும் தடுக்கி விழ வைத்தவை வேறு. கேள்வியின் தொடக்கத்தில் நின்றுகொண்டு, இதைச் செய், அதைச் செய் என்று ஆர்டர் போடும் சொற்கள். டிரைவ், ஜஸ்டிஃபை, எலூசிடேட், எனுமரேட். அவற்றை மட்டும் நோட்டில் தனியாக எழுதினாள். முதல் வருடத்துத் தாள்களில் பதினேழு வந்தது. இரண்டாம் வருடத்தில் புதிதாக ஆறு. மூன்றாம் வருடத்தில் மூன்று. நான்காம் வருடத்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் வருடத்திலும் இல்லை. மறுபடி ஒருமுறை எண்ணினாள்.

“அஃபீஃபா! மொத்தமே இருபத்தாறுதான்டி!”

நூலகர் நிமிர்ந்து முறைத்தார். பானுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே மறுபடி சொன்னாள். “இருபத்தாறே இருபத்தாறு. ஒரு வாரத்துல முடிச்சிடலாம்.”

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிமிடம் தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்தாள். “டிரைவ்னா ஓட்டுறது இல்ல, அது டிரைவ். இது ‘டி-ரைவ்’. ஒரு சமன்பாடு எங்கேருந்து பொறந்துச்சுன்னு படிப்படியா வருவிச்சுக் காட்டணும். கடைசி வரியை மட்டும் எழுதுனா மார்க் கெடைக்காது.” வகுப்பில் தமிழ்வழியில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மணப்பாறைப் பக்கத்திலிருந்து வரும் ரஞ்சித், முசிறியிலிருந்து வரும் வெள்ளைச்சாமி என்று குழுவில் பத்துப் பேர் ஆனார்கள். குழுவுக்கு ‘கேள்வி என்ன கேக்குது?’ என்று அஃபீஃபா பெயர் வைத்தாள்.

இத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. நவம்பரில் முதல் செமஸ்டர் முடிந்து பார்த்தால் பானுப்ரியாவுக்கே ஒரு பேப்பர் போய்விட்டது. இப்போது கேள்வி நன்றாகப் புரிந்தது. பதில் எழுத வாக்கியம் வரவில்லை. முதல் வரியை நான்கு முறை அடித்து எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள் ரங்கநாயகி அவர்கள் பெஞ்சுக்கு வந்தாள். முன்வரிசைக்காரி. ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம், எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அவள் தங்களிடம் பேசுவாள் என்று இருவரும் நினைத்ததே இல்லை.

“உங்க குரூப்ல என்னையும் சேத்துப்பேளா?” என்று கேட்டாள்.

“உனக்கு எதுக்கு? நீதான் சரளமாப் பேசுவியே,” என்றாள் அஃபீஃபா.

“பேசுவேன். ஆனா பிசிக்ஸ் மண்டைல ஏறமாட்டேங்கறது. ரெண்டு பேப்பர் போயிடுத்து. ஆத்துல இன்னும் சொல்லல.” ரங்கநாயகியின் கண் கலங்கிவிட்டது. “நான் உங்க வாக்கியத்தைத் திருத்தித் தரேன். நீங்க எனக்கு அந்த ஒளியியல் கணக்கைச் சொல்லித் தாங்கோ.”

சனிக்கிழமை தோறும் உத்திர வீதியில் ரங்கநாயகி வீட்டுக் கூடத்தில் பதினொரு பேரும் கூடினார்கள். அவள் அம்மாவுக்கு முதல் நாள் கொஞ்சம் திகைப்பு. இரண்டாவது வாரம், “எல்லாரும் ததியோன்னம் சாப்ட்டுட்டுப் படிங்கோ,” என்று அடுக்குப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

“ததியோன்னம்னா என்னங்க?” என்றாள் அஃபீஃபா.

“தயிர்சாதம்டி!” என்றாள் ரங்கநாயகி.

“அட, இதுவும் சட்டையை மாத்திக்கிட்டு வந்ததுதானா!”

கூடமே சிரித்தது. ரங்கநாயகி கண்டிப்பான ஆள். “நீட்டி முழக்காதே. ஒரு வாக்கியம், ஒரு விஷயம். எழுவாய், வினை, முற்றுப்புள்ளி,” என்று சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு உட்காருவாள். பிப்ரவரியில் பானுப்ரியாவின் தாளில் சிவப்புதான் அதிகம். மார்ச் கடைசியில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று இடம் என்று குறைந்தது. ரங்கநாயகியோ லென்ஸ் கணக்கில் குறியீட்டைத் தப்பாகப் போடுவதை ஒரு வழியாக நிறுத்தினாள். ஏப்ரலில் இரண்டாம் செமஸ்டர் தேர்வு. பானுப்ரியா விட்ட பேப்பரையும் சேர்த்து எழுதினாள்.

ரிசல்ட் ஜூன் மாதம் ஒரு மாலை நாலு மணிக்கு வந்தது. இணையதளம் திறக்கவே திறக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்குத் திறந்தாலும் பதினொரு பேருடையதையும் பார்த்துவிட வேண்டும் என்று பதிவு எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் குழுவில் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். பானுப்ரியா அப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் போகும் தனியார் பஸ்ஸில் ஏறியிருந்தாள். பக்கத்து சீட்டில் காந்தி மார்க்கெட்டிலிருந்து காய் மூட்டையோடு ஒரு அம்மா. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது போனில் பக்கம் திறந்துகொண்டது.

முதலில் ரஞ்சித்தின் எண்ணைப் போட்டாள்.

“பாஸ்!” என்று கத்திவிட்டாள்.

“பாஸெல்லாம் இதுல செல்லாதும்மா, இது பிரைவேட் பஸ்ஸு,” என்றார் கண்டக்டர், திரும்பிப் பார்க்காமலே.

“அது இல்லண்ணே, ரிசல்ட்டு! எங்க கூட்டாளிங்க பதினோரு பேரு!”

“அப்படிச் சொல்லு. எத்தனை பேரு ஆச்சு?”

“ஒண்ணு.”

காய் மூட்டை அம்மா விரலை மடக்கினார். “அடுத்ததைப் போடு கண்ணு.” திருவானைக்காவல் வருவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டது. பின் சீட்டிலிருந்து ஒருவர், “ஆறாவது யாரு?” என்று எட்டிப் பார்த்தார். வெள்ளைச்சாமி பாஸ். ரங்கநாயகி பாஸ், ஒளியியலில் அறுபத்திரண்டு, போன செமஸ்டரில் விட்ட இரண்டும் கிளியர்! அஃபீஃபாவின் எண்ணைப் போட்ட பானுப்ரியா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒளியியலில் தொண்ணூற்றொன்று. கொள்ளிடம் பாலத்தின் மேலேயே போன் போட்டாள்.

“ஏய் தொண்ணூத்தொண்ணு!”

“யாருக்கு?”

“உனக்குடி!”

அந்தப் பக்கம் “அல்லா! அம்மி! அம்மீ!” என்று அஃபீஃபா அம்மாவைக் கூப்பிட்டபடி வீட்டுக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. போனைக் கீழே போட்டுவிட்டாள் போலிருக்கிறது.

டோல்கேட்டில் பத்தாவது ஆளும் பாஸ். “பதினோராவது?” என்றார் கண்டக்டர். அவர் டிக்கெட் கொடுப்பதை மறந்து பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“அது நான்தான்.” பிறந்த தேதியைத் தப்பாக அடித்து, திரும்ப அடித்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மண்ணச்சநல்லூர் எல்லை வந்துவிட்டது. ரைஸ் மில் ஸ்டாப்பில் விசில் அடித்து பஸ் நின்றது. அவள் எழுந்தாள்.

“பாத்துட்டு எறங்கு கண்ணு, இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது,” என்று காய் மூட்டை அம்மா அவள் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்தார். டிரைவர் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தார்.

திறந்தது. ஒளியியல் எண்பத்து நான்கு. விட்ட பேப்பர் எழுபத்தொன்று. எல்லாம் பாஸ்.

பஸ் முழுக்கக் கைதட்டியது. பானுப்ரியா யார் முகத்தையும் பார்க்க முடியாமல் படியில் குதித்து இறங்கி, மில் வாசல்வரை ஓடினாள். அப்பா அழகர்சாமி பாய்லர் பக்கத்திலிருந்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். அவள் மூச்சிரைக்க விவரம் சொன்னதும், “பதினோரு பேருமா?” என்று கேட்டார். “பதினோரு பேருமா?” என்று இன்னொருமுறை கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி, மிஷின் சத்தத்துக்கு மேலே எல்லோருக்கும் கேட்கும்படி, “பதினோரு பேரும் பாஸாம்!” என்று கத்தினார். அவளுடைய மார்க்கைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் ஓடியே போயிற்று. வகுப்பில் அஃபீஃபா முதலிடம், பானுப்ரியா மூன்றாவது. திருச்சியிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நேர்முகத் தேர்வுக்கு இருவரும் போனார்கள். எதிரே நான்கு பேராசிரியர்கள். அவர்களில் ஒருவர் வேகவேகமாக ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பானுப்ரியா எழுந்து நின்றாள்.

“ஐ வில் ஸ்பீக் ஸ்லோலி சார். பட் பிசிக்ஸ் வில் கம் கரெக்ட்லி.”

நால்வரும் சிரித்துவிட்டார்கள். “டேக் யுவர் டைம்,” என்றார் கேட்டவர். அவள் போர்டுக்குப் போய்ப் படம் வரைந்தாள். ஒரு வாக்கியம், ஒரு விஷயம். இருபது நிமிடம் நின்று பேசினாள். நடுவில் ‘ஹீ ஹேவ்’ என்று ஒருமுறை வந்தது. யாரும் நிறுத்தவில்லை, அவளே திருத்திக்கொண்டாள்.

இருவருக்கும் இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் ஆண்டு. போன வாரம்தான் ஆய்வகத்தில் லேசரையும் கண்ணாடிகளையும் மூன்று நாள் நகர்த்தி நகர்த்தி, சுவரில் ஒளிப் பட்டைகளை விழ வைத்தாள் பானுப்ரியா. மெல்லிய சிவப்பும் கறுப்பும் மாறி மாறி. வெளியே ரோட்டில் லாரி போனால்கூட நடுங்கிக் கலைந்துவிடும் பட்டைகள். அடுத்த அறையில் வேலையாக இருந்த அஃபீஃபாவை எழுந்து போய்க் கூப்பிட அவளுக்குப் பயம். காலடி அதிர்வில் போய்விட்டால்? வீடியோ கால் போட்டாள்.

“ஓடி வராத. பூனை மாதிரி வா,” என்றாள் மூச்சை அடக்கிக்கொண்டு. “சீக்கிரம் வாடி, ஆடாம நிக்குது!”