வெள்ளோடை நாற்று

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் முள் இலையும் சிவப்புப் பழமுமாக வரைந்திருப்பார்களே, அந்த ஹாலி மரத்துக்கு நம் மலையிலேயே ஒரு சொந்தம் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் வால்பாறைக்குப் போனேன். கீழே சமவெளியில், சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் அதை வளர்த்துவிட ஆசை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் காட்டுமர நாற்றுப் பண்ணை வைத்திருந்தவரிடம் கேட்டேன்.

"அந்த மரத்த நாங்க வெள்ளோடைன்னு சொல்லுவமுங்க. அது உங்க ஊட்டுல பொழைக்காதுங்க அம்மணி. சூடு ஆகாது."

விற்பதற்கென்றே பண்ணை வைத்திருப்பவர் விற்க மாட்டேன் என்கிறாரே! ஏதோ ரிசார்ட்டுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். மரத்தையாவது காட்டச் சொன்னேன்.

ஓடையோரம், தோட்டக்காரர்கள் வெட்டாமல் விட்ட சிறு சோலை. நண்பகலிலும் உள்ளே ஈரமும் குளிரும். என் காலில் ஏறிய அட்டையை, அங்கே நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் உப்புப் போட்டு எடுத்துவிட்டாள். வெள்ளோடையின் தடித்த இலைகள் பளபளத்தன. கொத்துக் கொத்தாகப் பழம். ஆனால் முள்ளைக் காணோம்.

"நம்மூரு மரத்துக்கு முள்ளு இல்லீங்க," என்றார் பண்ணைக்காரர். பக்கத்தில் ஒரு பழம்கூட இல்லாமல் நின்றதைக் காட்டி, "இதும் அதேதானுங்க. ஆண் மரம், காய்க்காது."

வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று பட்டது. அவர் முன்னால் நடந்ததும், மரத்தடியில் அடையாளத்துக்கு நூல் கட்டியிருந்த வெள்ளோடை நாற்றுகளில் ஒன்றைப் பிடுங்கி, ஈரக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அது இரண்டு இலை விட்டது. மார்ச் வெயிலில் ஓரம் கருகியது. நிழலுக்கு மாற்றினேன், இருவேளை தண்ணீர் விட்டேன். ஈஸ்டருக்குள் செத்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மனசு கேட்காமல் மறுபடி போனேன். பண்ணையில் அந்தப் பெண்ணைக் காணோம்.

"நிறுத்திப்போட்டேனுங்க," என்றார். "வெள்ளோடை நாத்து ஒண்ணு களவு போச்சு. அந்தப் பக்கம் போறது அவ ஒருத்திதான்."

"எடுத்தது நானுங்க," என்றேன்.

அவர் என் பையைப் பார்த்தார். செருப்பை மாட்டினார். இருவரும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வரிசையில் இருந்த அவள் வீட்டுக்குப் போனோம். நான் சொன்னதை வாசலில் நின்றபடியே முழுதும் கேட்டாள்.

"எடுக்கலீன்னு மூணு தடவ சொன்னனே," என்றாள் அவரிடம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைக் கேட்டாள்: "செடி இருக்குதுங்களா?"

"செத்துப்போச்சு."

அடுத்த வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள்.

இப்போதும் அவ்வப்போது போய்ச் சோலையில் நாற்று நட உதவுகிறேன். அவள் எனக்கு முன்னால் நடப்பதே இல்லை. பின்னாலேயே வருவாள், என் கை மேல் கண்ணாக. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.