கேட்டுவிட்டு உடைக்கிறவர்கள்

எங்கள் தொழிலில், திருடப் போகிற இடத்தின் சொந்தக்காரரிடம் முதலில் கையெழுத்து வாங்க வேண்டும்.

பயந்துவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தங்கள் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைய முடியுமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்கள் திருடனைப் போலவே உடைத்துப் பார்த்து, எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுப்பார்கள். அனுமதி இல்லாமல் செய்தால் இதே வேலைக்கு ஜெயில். அதனால் எதை உடைக்கலாம், எதைத் தொடக் கூடாது, எந்த நாள், எந்த நேரம், பிடிபட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் முன்னாலேயே பேசி, எழுதி, கையெழுத்து வாங்கிவிடுவோம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு உடைக்கத் தெரியாது. கையெழுத்துக்கு அலைவதும் கவலைப்படுவதும் என் பங்கு. ஒரு கையெழுத்துக்காக யார் வீட்டு வாசலிலாவது காத்துக் கிடந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இந்த வருஷம் கவலை கூடுதல். எங்களிடம் உடைக்கிற வேலை செய்யும் அஞ்சுவுக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் அவள் பெயரில் ஒரு புகார் எழுந்தால் எல்லாம் போச்சு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அவள் அம்மா, ஆபீசுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கள நம்பித்தான் வுடுதேன்க்கா. எம்புள்ள ஸ்டேஷன் படி ஏறக் கூடாது."

முதலாளியின் சந்தேகம்

ஒரு ஜவுளிக்கடை. கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை, சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். இவ்வளவு சுலபமாகக் கிடைத்த சந்தோஷத்தில் நான் பஸ் ஏறினேன். கம்பெனி நடத்துகிற எங்கள் பிஜு சார் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "சேச்சி, இவர் சம்பளத்துக்கு இருக்கிற ஆள். நாளைக்கு முதலாளி போலீசில் போய், நான் யாருக்கும் அனுமதி தரவில்லை என்றால், உள்ளே போவது அஞ்சு." அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன்.

முதலாளி வயசானவர். நாகர்கோவில் தமிழர். நான் சொல்லச் சொல்ல மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேனாவைத் திறந்தார். மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்: "இந்தக் கடையில எத்தனையோ பேரு திருடியாச்சு. அனுமதி கேட்டு வந்தது நீ ஒருத்திதாம்மா."

ராகுகாலம் நீங்கலாக

கரமனையில் ஓர் ஆடிட்டர். அக்ரஹாரத்தில் வீட்டின் முன்கட்டுதான் ஆபீஸ். அவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், ஒன்றைத் தவிர. ராகுகாலத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது. பிஜு சார் பொறுமையாக விளக்கினார்: நிஜத் திருடன் நேரம் பார்த்தா வருவான்? நாங்களும் எந்த நேரத்திலும் வந்தால்தானே சோதனை சரியாக இருக்கும்?

எனக்கோ உள்ளூர ஆடிட்டர் பக்கம்தான். நேரம் சரியில்லாத நேரத்தில் அஞ்சு கம்ப்யூட்டரைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் சம்பளம் தருகிறவர் பேசும்போது நான் எப்படி வாய் திறப்பது? அதற்குள் காபி கொண்டுவந்த ஆடிட்டரின் மனைவி விவகாரத்தைத் தீர்த்துவிட்டார். ராகுகாலம் நீங்கலாக என்று சார் தன் கைப்பட எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "திருடன் பாக்க மாட்டான், வாஸ்தவம். நீங்க நல்லவாதானே, பாத்தா என்ன கொறைஞ்சு போயிடும்?"

ஆற்றுக்கு அக்கரை

பொன்முடி போகிற வழியில், கல்லாற்றங்கரையில் ஒரு ரிசார்ட். விதுரா தாண்டியதும் வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. அஞ்சு ஜன்னலோரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். ரிசார்ட்காரர் எங்களுக்குக் கப்பைக்கிழங்கும் மீன் கறியும் போட்டு உபசரித்தார். எதை எதைச் சோதிக்கலாம் என்று அஞ்சு கேட்டு எழுதிக்கொண்டாள். புக்கிங் எடுக்கிற வெப்சைட், வைஃபை, கேமரா. அத்தனைக்கும் சரி என்றவர், குரலைத் தாழ்த்தி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஹோம்ஸ்டேயைக் கண்ணால் காட்டினார். அதையும் இதோடு சேர்த்து உடைத்துப் பார்த்துவிட முடியுமா? அங்கே யார் யார் ரூம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் கொள்ளாமாம், உபயோகமாக இருக்குமாம்.

அஞ்சு சிரித்தாள். அக்கரைக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அவருடையதைத் தொடுவோம், இல்லாவிட்டால் அது குற்றம் என்று நானே படபடவென்று சொல்லிவிட்டேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "நல்ல காரியம்தானே செய்யறோம் சேச்சி, அத அவன்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

இரண்டு நம்பர்

ஒரு ரத்தப் பரிசோதனை லேப். வெளியாள் ஒருவர் பிரிண்டர் ரிப்பேர் என்று சொல்லிக் கம்ப்யூட்டர் அறைவரை போக முடியுமா என்று பார்க்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் லேப் சொந்தக்காரரான டாக்டரும் அவர் மனைவியும் மட்டும். பிடிபட்டால் கூப்பிட ஒரு நம்பர் போதாது, ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்து இரண்டு பேர் நம்பரையும் வாங்கினேன். பையில் அனுமதிக் கடிதத்தோடு அஞ்சு காலையில் உள்ளே போனாள். வாசலிலேயே பிடிபட்டாள். செக்யூரிட்டி, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைப் படித்துவிட்டு, இப்படி ஒன்றை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொண்டு வரலாம் என்றாராம். நியாயம்தான். டாக்டர் நம்பரைக் கூப்பிட்டார், ஸ்விட்ச் ஆஃப். மனைவி நம்பர், அதுவும் ஸ்விட்ச் ஆஃப். பிஜு சார் ஓடிப் போனார். கூட்டாளி வந்துவிட்டான் என்று அவரையும் உட்கார வைத்துவிட்டார் அந்த மனுஷர். கொஞ்ச நேரம் பார்ப்பேன், அப்புறம் போலீஸ் என்று சொல்லிவிட்டாராம்.

நான் டாக்டர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வேலைக்காரப் பெண் சொன்னாள், இரண்டு பேரும் கோட்டைக்குள் பெரிய கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே போனை வெளியே கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். இரண்டு நம்பர் வாங்கிய நான், இரண்டும் ஒரே கோவிலுக்குப் போகும் என்று நினைக்கவில்லையே! அங்கே சுடிதாரோடும் விட மாட்டார்கள். வாசலில் ஒரு முண்டு வேட்டி வாடகைக்கு வாங்கி மேலே சுற்றிக்கொண்டு, முடிச்சு அவிழ அவிழ, பெருமாளே அந்தப் பிள்ளையைக் காப்பாற்று என்று கியூவை ஒட்டி ஓடினேன். பிரசாதம் வாங்குகிற இடத்தில் அகப்பட்டார்கள். டாக்டர் வெற்று மார்பில் துண்டாக நேரியதைப் போட்டபடியே ஆட்டோவில் ஏறினார். ஆட்டோவிலிருந்து போன் போட்டால் செக்யூரிட்டி அதையும் நம்பவில்லை, நேரில் பார்த்தால்தான் விடுவேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவி மெல்லக் கேட்டார்: "இந்த டெஸ்ட் ஒரு கொழப்பமும் இல்லாம நடக்கணும்னு வேண்டிக்கத்தானே சேச்சி போனோம்?"

பட்டாளத்துக்காரர்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வரவில்லை. அஞ்சு செக்யூரிட்டியின் நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழ பஜ்ஜி மாதிரி ஒரு பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள். அவர் வாங்கிக் கொடுத்ததுதான். டாக்டரைக் கண்டதும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, அஞ்சுவின் பையை அவரே தூக்கிக் கொடுத்தார். எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. போலீசைக் கூப்பிடாமல் இருந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், இந்தப் பிள்ளை பொய் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதானே விட்டு வைத்தீர்கள் என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "நல்ல குட்டி. ஆனா டாக்டர் வந்து எறங்கற வரைக்கும் நான் நம்பல கேட்டோ."

விசாரணை

போன வாரம் அஞ்சு வீட்டுக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். அவள் அம்மா பதறிப்போய் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். அவள் வைத்த டீயை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாதி சாஸரில். கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டார், இல்லை. என்ன வேலை என்று கேட்டார். அஞ்சு ஒளிக்காமல் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எழுதி முடித்து, பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, கொஞ்சம் நெளிந்தார். வீட்டில் பையன் போனுக்கு லாக் போட்டு வைத்திருக்கிறானாம். ராத்திரி பகல் அதிலேயே கிடக்கிறானாம். அதைத் திறந்து தர முடியுமா?

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். செய்து கொடுத்துவிடு என்று அஞ்சுவுக்கு நான் கண் காட்டினேன், சத்தியமாகக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "பையன்கிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வாங்க சார், பாக்கறேன்." அவர் வாய்விட்டுச் சிரித்தபடி எழுந்து போனார். நேற்றுப் பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டது.

கேட்காமல் உடைக்கிறவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்குகிறான், கேட்டுவிட்டு உடைக்கிற எங்களுக்குத்தான் பிரஷர் மாத்திரை.