பரவாயில்லை என்று சொல்லவிடாத பிலோமினா அக்கா

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிலோமினா அக்காவின் தங்கை எழுதியிருந்தார்: "அக்கா இன்று காலை அமைதியாகப் போய்விட்டார்." அதற்குக் கீழே முதல் ஆளாக ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். ஜூரோங்கில் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்தவர் மனதை அறிவது எப்படி என்று எங்களிடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்! எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறொன்றாகிவிட்டது. மீன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்ட விலைக்கே கொடுத்தார்.

அக்கா இருந்திருந்தால் அந்தக் கட்டைவிரல்காரருக்காகவும் வாதாடியிருப்பார். "பாவம்ப்பா, கை நடுங்கியிருக்கும். தப்பா அழுத்திட்டாரு."

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பிலோமினா அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டு மேலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் வகுப்பெடுக்கத் தொடங்கினார். நிறுவனங்கள் அதற்குத் 'தலைவர்களுக்கான உணர்வறிவுப் பயிற்சி' என்று பெயர் போட்டன. கப்பல் பட்டறை ஃபோர்மன்கள் 'கோபம் குறைக்கிற கிளாஸ்' என்றார்கள். அக்காவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. வகுப்பில் என் பங்கு, மோசமான முதலாளியாக நடித்துக் காட்டுவது. ஒருமுறை நான் மேசையைத் தட்டிக் கத்தி முடித்ததும் ஒரு ஃபோர்மன் மெய்மறந்து, "அப்படியே எங்க மேனேஜர் சார்! எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். அக்கா சாவதானமாக, "அவருக்கு நடிப்பே வராது லா. அதான் அவரு" என்றார். அன்று முழுவதும் என்னைப் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். என் மனைவியிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள்.

அவருடைய வகுப்பு முழுவதும் ஒரே ஒரு சொல்லில் நின்றது என்றால் மிகையில்லை. பட்டறையில் ஒரு பற்றவைப்பாளர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. "அவனே பரவாயில்ல சார்னு சொல்லிட்டான் மேடம். அப்புறம் என்ன?" என்றார் அவருடைய மேற்பார்வையாளர்.

"உங்க வீட்டுல ஒய்ஃப் பரவாயில்லன்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"ஐயோ, மூணு நாளைக்குச் சாம்பார்ல உப்பு இருக்காது மேடம்!"

வகுப்பே அதிர்ந்தது. அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல கேக்குற காது, வேலையிடத்துல மட்டும் எப்படி அடைச்சுக்குது? பரவாயில்லன்னு ஒருத்தர் சொன்னா, அங்கதான் ஏதோ இருக்கு. நின்னு கேளுங்க." அந்த மேற்பார்வையாளர் இடைவேளையில் வெளியே போய் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்திருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு அக்காவின் தலையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். சிகிச்சை முடிந்து திரும்பியவர் சொற்களுக்காகச் சற்றுத் தடுமாறினார். ஆனால் வகுப்பை விட மனமில்லை. புக்கிட் மேரா வீட்டில் தனியாக இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவாலயம், மற்ற நாளுக்கு வகுப்பு. அது போனால் வாரத்தில் என்ன மிஞ்சும்? என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். "எல்லாரும் என்னப் பாத்துப் பாவப்படுவாங்க குமாரு. நான் சரியா செய்யலன்னா நீதான் சொல்லணும். மழுப்பக்கூடாது." நான் பெரிய வீரனைப்போலத் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ஜூரோங்கில் ஒரு வகுப்பு. சாம்பார்க் கதையைச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். சிறிது நேரம் கழித்து அதே கதையை முதலிலிருந்து சொன்னார். அதே இடத்தில் எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், ஒருவர் தவறாமல். அந்த இரண்டாவது சிரிப்பைப்போல நான் எதையும் கேட்டதில்லை. எத்தனை நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

வகுப்பு முடிந்து தேக்காவில் தேநீருக்கு உட்கார்ந்தோம். "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"பரவாயில்லக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. யாரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னேன், பாருங்கள்! அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "இப்ப முழுசா சொல்லு" என்றார்.

நான் மேசையைப் பார்த்தபடி சொன்னேன். "ஒரே கதைய ரெண்டு தடவ சொன்னீங்கக்கா. பசங்க உங்க மேல இருக்கிற பிரியத்துல சிரிச்சாங்க. உங்களால இனிமே முடியாதுக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கண்களையும் துடைத்தார். பக்கத்து மேசையில் யாரோ புரோட்டாவுக்கு இன்னொரு குழம்பு கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சொல்றதுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"அதான் ஒன்கிட்ட கேட்டேன். கஷ்டப்படாம சொல்றவன்கிட்ட இதக் கேக்க முடியுமா?"

அதோடு வகுப்பை விட்டார். மறுவாரமே நிறுவனங்களிடம் தாமே பேசி, இனி குமார் நடத்துவார் என்று சொல்லிவிட்டார். அவரைப் போய்ப் பார்க்கும் நாட்களில் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, என் மகளின் தேர்வைப் பற்றி விசாரிப்பார். அவர் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

தேவாலயத்தில் இறுதிச் சடங்கின்போது அவரைப் பற்றிப் பலர் அழகாகப் பேசினார்கள். நான் பேசவில்லை, வாயைத் திறந்தால் ஜோக்குதான் வந்திருக்கும். நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியை மட்டும். தமக்கு மிஞ்சியிருந்த ஒன்றையும் நான் பறித்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில், எனக்குக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டாரே, அதை.

கஷ்டமாகத்தான் இருக்கிறது அக்கா. இன்னும்.