மேரியிடம் சொன்ன பொய்

செல்போன் காட்டும் வழியில் போய், யாரோ ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டில் எனக்குப் பைத்தியம். அந்த முறை பெட்டி இருந்தது வில்லியனூருக்கு அப்பால், செம்மண் பள்ளங்களும் முள்புதரும் நிறைந்த காட்டில். என்னோடு வேலை பார்க்கும் மேரியும் வருவதாக இருந்தாள். அவளுக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். அவளோடு போனால் தாமதமாகும் என்று நினைத்து, "டிரிப் கேன்சல்" என்று பொய் சொல்லிவிட்டேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் மாலை வீட்டில் நான் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மேரி வந்து நின்றாள். காலில் புது ஷூ.

"கேன்சல் ஆனா இன்னாடி? ஒரு மாசமா பாகூர் ஏரிக்கரைல தெனம் நடக்கறேன். இன்னிக்கு நிக்காம அஞ்சு கிலோமீட்டர்! அதான் சொல்லலாம்னு..." என்றவள் பையைப் பார்த்துவிட்டாள்.

"நாளைக்குப் போறேன் மேரி. உன்னால முடியாதுன்னு நெனச்சி பொய் சொல்லிட்டேன்."

அவள் கண் கலங்கியது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு இந்தத் தண்ணி பத்தாதுடி."

மறுநாள் மேடுகளில் மூன்று முறை அவளுக்காக நின்றேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மதியத்துக்குள் பெட்டி கிடைத்தது. உள்ளே, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் சிறு நோட்டு. அதில் மேரி என் பெயரை முதலில் எழுதி, கீழே தன் பெயரை எழுதினாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.